காதைப் பொத்திக்கோங்க!

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடைக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். முன்பெல்லாம் அந்தப் பயணத்தில்தான் நாவல் படிப்பேன். ஆளாளுக்கு செல்போனை அலறவிட ஆரம்பித்த பிறகு ஒரு பக்கம்கூட ஓடவில்லை. மெல்ல மெல்லப் படிக்கும் ஆசையே விட்டுப்போனது. டிபன் பையில் கிடந்த புத்தகத்தில் குழம்புக்கறைதான் ஏறியது.

போன மாதம் முன்சீட்டுக்காரர் ஒரே காமெடி வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்.

"சத்தத்தைக் குறைங்கண்ணே" என்றேன்.

"ஒங்க காதைப் பொத்திக்கோங்க" என்றார்.

வந்த ஆத்திரத்தில் நாவலை எடுத்து அவர் காதுக்குப் பின்னாலேயே உரக்க வாசித்தேன். கதையில் ஒருத்தி மாமியாரின் நகையைத் திருடி மாவுப்பானைக்குள் ஒளிக்கிறாள்.

"என்னம்மா, பஸ்ஸுக்குள்ள இப்படிக் கத்துறீக?" என்று சீறினார்.

"ஒங்க காதைப் பொத்திக்கோங்க" என்றேன்.

முறைத்துக்கொண்டே போனை அணைத்தார். நானும் நிறுத்தினேன். உடனே பின்சீட்டில் பூக்கூடையோடு இருந்த அக்கா, "ஏட்டி, நிறுத்தாத! பொறவு மாமியா கண்டுபிடிச்சாளா?" என்றார்.

எனக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது. தொடர்ந்து வாசித்ததில் இறங்கும் இடத்தையே தாண்டிவிட்டேன். கடையில் முதலாளியிடம் திட்டு வாங்கினேன். மதியம் சாப்பாட்டைக்கூடத் திறக்காமல் மிச்சத்தைப் படித்தேன்.

இப்போது பஸ் ஏறியதும் புத்தகத்தைத்தான் எடுக்கிறேன். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி யாரிடமும் கெஞ்சுவதில்லை. தொண்டையைச் செருமினாலே போதும்.

நேற்று அதே முன்சீட்டுக்காரர் மெதுவாகத் திரும்பி, "ஏம்மா, அந்த நகை கடைசியில என்னாச்சு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். அவருக்குச் சொல்ல மாட்டேன்.