முடிந்த படத்துக்கு மூன்று கிறுக்கல்கள்

என் பெயர் பிரகலாதன். பாலையூற்றில் வீடு, மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை, வயது ஐம்பத்தொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓவியன். இது என் மனைவி நிரோஜினிக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அவளும் வெளியில் சொன்னதில்லை.

போன ஆவணியில் உள்ளூர்க்காரர்களின் ஓவியக் கண்காட்சி ஒன்று வந்தது. துணிந்து நானும் பெயர் கொடுத்தேன். ஒழுங்கு செய்த றுக்கியா டீச்சர், படத்தோடு அதற்காக முதலில் போட்ட கிறுக்கல்கள் மூன்றும் வேண்டும் என்றார். டாவின்சி பூனைகளை வரைந்து பழகிய தாளையும் கைபேசியில் காட்டினார். தாள் முழுக்கப் பூனைகள். நடுவில் சின்னதாய் ஒரு டிராகன்.

"பூனையின்ர முதுகை வளைக்கேக்க அவருக்கு என்ன யோசனை ஓடியிருக்கு, பாருங்கோ. முடிஞ்ச படத்தில இது தெரியாது."

நான் தலையாட்டினேன். என் படமோ துறைமுகத்து வள்ளங்கள், ஒன்றின் மேல் ஒரு காகம். புகைப்படத்துக்குக் கட்டம் போட்டுப் பெருப்பித்தது. கிறுக்கலுக்கு எங்கே போக? முடிந்த படத்தை முன்னால் வைத்து, அதைப் பார்த்து மூன்று கீறினேன். அவசரமாகக் கீறியதுபோல் காட்ட இரண்டு மணித்தியாலம் பிடித்தது. பிழையான கோடுகளைக்கூட அடிமட்டம் வைத்து நேராகப் போட்டேன். மூலையில் தேத்தண்ணிக் கறையும் வைத்தேன்.

டீச்சர் மூன்றையும் மேசையில் பரப்பினார்.

"சேர், மூண்டிலயும் காகம் ஒரே இடத்தில இருக்கு. பறக்கவே இல்லையா?"

"அது... பழகின காகம், டீச்சர்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளைத் திருப்பினார். போனில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தபோது என் கை தன்பாட்டில் கீறிய பக்கம் அது. பிரதம விருந்தினரிடம் நான் பரிசு வாங்குகிறேன், ஐந்து தடவை. முதலாவதில் வயிறு உள்ளபடி. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, ஐந்தாவதில் எனக்கு இருபது வயது, தலை நிறைய முடி. விருந்தினர் மட்டும் குள்ளமாகிக்கொண்டே போனார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும்வரை சிரித்தார்.

"இதுதான் சேர் நான் கேட்டது. உங்கட யோசனை அப்படியே தெரியுது."

"இதைப் போட ஏலாது, டீச்சர்."

"அப்ப காகத்தைப் போடவா?"

தாளை அவர் பக்கமே தள்ளினேன்.

கண்காட்சியில் வள்ளங்களை ஒருவரும் பார்க்கவில்லை. கூட்டமெல்லாம் அந்தத் தாளின் முன்னால். என் மேலதிகாரி ஐந்தாவது உருவத்தைத் தொட்டு, "இது ஆர், உங்கட மகனோ?" என்றார். "ஓம்" என்றேன். எங்களுக்கு இரண்டும் பெண்பிள்ளைகள். பக்கத்தில் நின்ற நிரோஜினி அதைப் படம் எடுத்து மகள்மார் இருவருக்கும் அனுப்பினாள். பரிசு வேறு யாருக்கோ போனது.

இப்போது ஞாயிறு காலையில் படம் கீறும் கொப்பியோடு கடற்கரைக்குப் போகிறேன். கீறி முடியமுன் வள்ளம் கடலுக்கு வெளிக்கிட்டுவிடும். போன கிழமை ஒரு மீன்காரர் என் அரைகுறை வள்ளத்தை எட்டிப் பார்த்து, "ஐயா, செருப்போ கீறுறீங்கள்?" என்றார். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.