வெடிக்கு ஓடியவள்

"...சாமிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஓடுகது தப்புண்ணா, மொதல்ல என்னையில்லா புடிச்சுக் கட்டணும்? திரியில தீய வச்ச ஒடனே நானும் ஓடத்தான் செய்யுகேன். பன்னிரண்டு வருசமா, நாளுக்கு மூணு நேரம். நின்னு கும்பிட்டிருந்தா இண்ணைக்கு நான் இருப்பேனா?"

எங்கள் ஊர்க் கோவில் வாசலில், கூட்டத்துக்கு நடுவே வெடிக்கார அண்ணன் இப்படிச் சொன்னபோது, நான் பத்தடி தள்ளித் தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தேன். குற்றம் செய்தவள் நான்தான். ஆனால் பெண்பிள்ளையைக் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அதனால் கேள்வியெல்லாம் அவர் தலையில் விழுந்தது.

நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

பூதப்பாண்டிக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. கோவிலில் மூன்று நேரப் பூசைக்கும் நடை திறக்கும்போது கதினா வெடி போடுவார்கள். முழங்கால் உயரம்கூட வராத இரும்புக் குழாய். அதில் மருந்தை இடித்து நிறைத்து, நீளமான கம்பியின் பழுத்த நுனியால் திரியைத் தொட்டுவிட்டு விலகிவிட வேண்டும். சத்தம் குளத்தைத் தாண்டி, வயலைத் தாண்டி, மலையில் மோதித் திரும்பி வரும். அது கேட்டதும் நாற்று நடுகிறவள் நிமிர்ந்து கோவில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். சண்டை போடுகிறவர்கள்கூட நிறுத்தி, கும்பிட்டுவிட்டு, விட்ட வசவிலிருந்து தொடர்வார்கள். பேச்சு வருவதற்கு முன்பே என் கைக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது என்று அம்மா சொல்வாள்.

அந்தக் கைதான் என்னைத் திருவனந்தபுரத்தில் கவிழ்த்தது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்து ஆட்கள். நாகர்கோவிலில் படித்த பள்ளியில் நூறு கெஜ ஓட்டத்தில் என்னை முந்த ஆள் கிடையாது. விளையாட்டு டீச்சர் கைக்குட்டையை வீசுவார், நான் ஓடுவேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ஓட்டக்கலை. ராஜ்யப் போட்டிக்குப் போனால் அங்கே தொப்பி வைத்த ஒருவர் துப்பாக்கியை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறார். வெடித்தது. குனிந்து கையூன்றியிருந்த நான் எழுந்து நின்று, கண்ணை மூடி, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் மற்ற ஐந்து பேரும் பாதி தூரம் போய்விட்டார்கள்.

கூட்டத்தில் யாரோ மலையாளத்தில் கேட்டார், "பிரார்த்தன கழிஞ்ஞோ மோளே? எங்கில் இனி ஓடிக்கோ."

கும்பிட்டு முடிந்ததா, அப்படியானால் இனி ஓடிக்கொள் என்கிறார். கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அந்த மனிதர் சொன்னபடி ஓடத்தான் செய்தேன். ஐந்தாவதாக வந்தேன். சாயங்காலம் தொடர் ஓட்டத்தில் கடைசி ஆளாக என்னை நிறுத்தினார் டீச்சர். கடைசி ஆளுக்குத் துப்பாக்கி இல்லை, கையில் கோல் வந்தால் போதும். மூன்று பேரைத் தாண்டினேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் சென்னையில் நடக்கப்போகிற இந்திய அணித் தேர்வுக்கு என் பெயரையும் எழுதினார்கள். அதில் தேறினால் கொழும்பில் போய் ஓடலாம்.

"ஆறு வாரம் இருக்கு. வெடிக்கு நீ ஓடணும், கும்பிடக் கூடாது. அது ஒன்றுதான் நீ சரி செய்ய வேண்டியது," என்றார் டீச்சர். துப்பாக்கிக்கு எங்கே போவது? பள்ளியில் மணிதான் இருந்தது.

ஊரில் வெடி வைத்திருந்தவர் ஒரே ஒருவர். கோவில் வாசலுக்கு எதிரே மருந்து வைக்கிற வெடிப்புரை, அதன் சாவி அவர் இடுப்பில். முப்பது வயதிருக்கும், ஒரு பக்கப் புருவம் கரிந்துபோய் எப்போதும் யாரையோ கேலி செய்வது போன்ற முகம். போய்க் கேட்டேன்.

"அண்ணே, நான் குளத்தங்கரையில குனிஞ்சு நிப்பேன். எப்பம் வெடிக்குமுண்ணு எனக்குத் தெரியப்பிடாது."

"ஏட்டி, அது எனக்கே தெரியாது. திரி கொஞ்சம் ஈரமாட்டு இருந்தா அது இஷ்டத்துக்குத்தான் வெடிக்கும்."

காலையிலும் அந்தியிலும் கோவிலுக்கு முதுகைக் காட்டிக் கரையில் நின்றேன். முதல் நாள் கை கன்னத்துக்குப் போயிற்று. மறுநாளும் போயிற்று. அண்ணன் தூரத்திலிருந்து கத்தினார், "ஓடிட்டு வந்து கும்பிடு பிள்ளே. சாமி அங்கினயேதான் இருப்பாரு, எங்கயும் போவ மாட்டாரு."

எத்தனையோ நாள் அப்படிப் போய், ஒரு நாள் காலையில் கை மண்ணிலேயே இருக்கக் கால் கிளம்பிவிட்டது. கரையின் மறுமுனையில் போய்த்தான் நின்றேன். மூச்சு வாங்கியது. பயம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இன்னொரு தடவை எப்போது வெடி போடுவார் என்றுதான் இருந்தது.

பிற்பாடு கொழும்பில் ஓடினேன், ரங்கூனில் ஓடினேன், தேசத்தின் பெயர் எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு நான்கு வருஷம் ஓடினேன். பதக்கத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறேன். ஆனால் என்னைக் கேட்டால், அங்கெல்லாம் என்னை ஓடவிட்டதைவிட எங்கள் குளத்தங்கரையில் ஓடவிட்டதுதான் பெரிய காரியம்.

ஏனென்றால் ஊர் பார்த்துவிட்டது. "வெடிச் சத்தம் கேட்டா பேயில்லா ஓடும்? பொம்பளப் பிள்ளையுமா ஓடும்?" என்று கேட்டார்கள். அதோடு போயிருந்தால் பெரியப்பாவும் விட்டிருப்பார். அப்பாவுக்கு மூத்தவர் அவர், ஊர்க் காரியமும் கோவில் காரியமும் அவர் கையில். அவருக்குப் பொறுக்காமல் போனது வேறு. நடவுக்காரிகள் வெடி கேட்டதும் நிமிர்வார்கள் அல்லவா, அவர்கள் இப்போது கோவில் பக்கம் திரும்பாமல் குளத்தங்கரைப் பக்கம் திரும்ப ஆரம்பித்தார்கள். "அந்தா போறா, அந்தா போறா" என்று கையைத் தட்டினார்கள். கன்னத்துக்குப் போகவேண்டிய கை.

சென்னைக்கு இன்னும் எட்டு நாள் இருக்கும்போது கூட்டம் கூட்டினார்கள். நான் கரையில் நின்றால் வெடி போடக் கூடாது. இல்லையென்றால் அண்ணன் வெடிப்புரைச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எட்டு நாள் வெடி இல்லாமல் போனால் என் கை மறுபடி கன்னத்துக்குப் போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல எனக்குத்தான் வாய் இல்லை. அண்ணனுக்கு இருந்தது. அப்போதுதான் தானும் ஓடுகிற கதையைச் சொன்னார்.

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அது பெரியப்பாவுக்கு இன்னும் எரிந்தது.

"வாய் நீளுகு. நீ ஓடுகது உயிருக்குப் பயந்து. இவ என்னத்துக்குப் பயந்து ஓடுகா?"

"இவ பயப்படல்ல. அதான் ஒங்களுக்குப் பிடிக்கல்ல."

"சாவிய வையிடே."

அண்ணன் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கல்படியில் வைத்தார். "வச்சாச்சு. அந்திப் பூசைக்கு நேரமாச்சு. குழாய்ல மருந்து நெறச்சிருக்கேன், கம்பி கனல்ல கெடக்கு. ஒங்கள்ல யாரு திரி வைக்கியோ?"

ஒருவரும் அசையவில்லை. சிரித்த இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து பூசை செய்கிறவர் தலையை நீட்டி, "வெடி இல்லாம எப்படி நடை தொறக்க?" என்று கேட்டார். பெரியப்பா தோள் துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"இண்ணைக்கு நீயே போட்டுத் தொலை," என்றார் கடைசியில்.

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, ஒனக்கு மெட்ராஸுக்குப் போணுமா, வேண்டாமா? போய் ஒன் எடத்துல நில்லு. நீ நிண்ண பெறவுதான் திரி."

கூட்டம் விலகி வழி விட்டது. நான் ஓடவில்லை, நடந்துதான் போனேன். குளத்தங்கரையில் கால் வைக்கும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் வெடிப்புரைப் படியில், பெரியப்பாவுக்கு நேர் எதிரே, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து விரல்களை மண்ணில் ஊன்றுகிற வரைக்கும் அவர் அந்தக் காலை இறக்கவில்லை.