தென்காசி திவாகரின் துட்டி வீடு

உமாதேவி இதுவரை நானூற்றுச் சொச்சம் பேரைக் கொன்றிருக்கிறாள். விஷம், துப்பாக்கி, அரிவாள், மின்சாரம், ஒரு தடவை பலாப்பழம். அப்பேர்ப்பட்டவளுக்கு இன்னும் ஒரு ஆளைத் தீர்த்துக்கட்டுவது ஒரு வேலையா? தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்க, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே முடித்துவிட்டாள்.

பேசியவர் ஸ்ரீதர். சென்னையில் மாத நாவல் போடுகிறவர்.

“பேப்பர் விக்கிற விலையில நாலு பேரை வெச்சு மாளாதும்மா. ஒரு பேரை நிறுத்திடலாம். யாரைன்னு நீங்களே சொல்லிடுங்க.”

“திவாகரை நிறுத்திடுங்க சார்.”

“சும்மா நிறுத்தினா லெட்டர் போட்டே தொளைச்சிடுவாங்க. மறைந்துவிட்டார்னு போட்டுடட்டுமா? கடைசி நாவலும் நல்லா ஓடும்.”

“போட்டுக்கோங்க. செத்தவரு வந்து கேக்கவா போறாரு?”

கேட்க மாட்டார்தான். தென்காசி திவாகர் என்று ஒரு ஆள் பூமியில் பிறக்கவே இல்லை. சென்னைக்கு வெளியே வடக்குப்பட்டில், பின்கட்டில் வரிசையாக எட்டு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் உமாதேவிதான் அவர். மேஜர் ஜெயசீலன், ரூபிணி ராகவ், ஆல்ஃபா ராம் மூன்று பேரும்கூட அவளேதான்.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், ஒரு போட்டிக்குக் கதை அனுப்பினாள். பரிசு வந்தது, பெயர் வரவில்லை. “உமாதேவின்னு போட்டா கோலப் புஸ்தகம்னு நெனச்சுக்குவாங்கம்மா” என்று ஸ்ரீதர் அவளை மேஜராக்கிவிட்டார். மேஜர் துப்பாக்கியால் கொல்பவர். எந்த ரெஜிமெண்டில் இருந்தீர்கள் என்று ஒரு நிஜ சுபேதார் கடிதம் போட்டபோது அவளுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் குடும்பத்துக்குள் விஷம் வைக்க ரூபிணி வந்தாள். கம்ப்யூட்டரில் கொல்ல ஆல்ஃபா ராம் வந்தார். அப்போது உமாதேவி கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் தெற்கத்திக் கதை வேண்டுமென்றார் ஸ்ரீதர். தெற்கு என்றால் அரிவாள்தான் என்பது அவர் முடிவு. விழுப்புரம் தாண்டாதவள் தென்காசிக்காரர் ஆனாள்.

இது தெரிந்த ஒரே ஆள் அவள் புருஷன் கண்ணப்பன். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். ஒரு நாவலையும் முழுசாகப் படித்ததில்லை. “யாரு கொன்னதுன்னு மட்டும் சொல்லிடு, தூக்கம் வர்து” என்பார்.

சரி, தென்காசிப் பேச்சுக்கு எங்கே போனாள்? எங்கேயும் போகவில்லை. பேச்சு அவள் வீட்டுப் பின்கட்டுக்கே வந்தது. எட்டு ரூமிலும் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த தெற்கத்திப் பிள்ளைகள். மோட்டார் ஓடும் அரை மணி நேரம்தான் பைப்பில் நல்ல தண்ணீர் வரும். மாடித் தொட்டி நிறைந்ததும் அணைத்துவிடுவாள்; ஒரு சொட்டு வழிந்தாலும் அவளுக்கு வயிறு எரியும். அதனால் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒரு நீள நோட்டோடு நிற்பாள். எவன் எத்தனை குடம் பிடிக்கிறான் என்று எழுதுவதாகப் பிள்ளைகளுக்கு நினைப்பு. “ஓனரம்மா எழுதுதாவல, சட்டுனு புடி” என்று ஒருத்தனை ஒருத்தன் விரட்டிக்கொள்வான்கள். அவள் எழுதியது குடத்தை அல்ல, அவர்கள் வாயை.

அதிலும் ஒரு வாய், மகாராஜாவின் வாய். தென்காசிக்குப் பக்கத்தில் சுரண்டைப் பையன். வாளியை வைத்துவிட்டு நின்றால் போதும், பைப்படியே சிரிக்கும். “ஏல, இந்தப் பைப்புக்கு மூக்கடைப்புல. ஆவி புடிச்சு விட்டாத்தான் தண்ணி வரும்” என்பான். “எங்க சூப்பர்வைசர் குட்மார்னிங் சொன்னா ஓ.டி.ன்னு அர்த்தம். நல்லாருக்கியான்னு கேட்டா ஞாயித்துக்கெழமையும் போச்சு” என்பான். உமாதேவி முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் எழுதிக்கொள்வாள். திவாகர் நாவல்களில் துப்பறிகிறவருக்குப் பின்னாலேயே டீ கிளாஸோடு அலையும் ஏட்டு இசக்கி அப்படிப் பிறந்தவர்தான். கொலைகாரன் யார் என்பதை விட, இசக்கி இந்த மாதம் என்ன சொன்னார் என்றுதான் வாசகர்கள் கடிதம் போட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழை நாள், ஏ ஷிப்டுக்குப் பைக்கில் போன மகாராஜாவை ஒரு லாரி அடித்துவிட்டது. அவனோடு ஒரே ரூமில் இருந்த உச்சிமாகாளிதான் ஆம்புலன்ஸில் அவன் உடலோடு சுரண்டைக்குப் போனான். உமாதேவி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வாடகைக்கு இருந்த பையனுக்காக அழுதாளா, இசக்கிக்காக அழுதாளா என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. இரண்டுக்கும்தான்.

நோட்டில் மிச்சம் இருந்ததை வைத்து இரண்டு வருஷம் ஓட்டினாள். இந்த மாத நாவலில் கடைசி வரியையும் போட்டாயிற்று. வேறு பையன்களின் பேச்சை இசக்கி வாயில் வைத்துப் பார்த்தாள், ஒட்டவில்லை. அதனால்தான் ஸ்ரீதர் கேட்டதும் யோசிக்காமல் திவாகரைச் சொன்னாள்.

நாவல் வெளிவந்த மூன்றாம் நாள் சாயங்காலம் உச்சிமாகாளி நாலு பேரோடு வாசலில் வந்து நின்றான். கார் சீட் தைக்கும் கம்பெனியில் தையல் லைனில் இருப்பவன். அதிகம் பேசாதவன்.

“எக்கா, காம்பவுண்டு சுவத்துல ஒரு ஃப்ளெக்ஸ் கெட்டிக்கிடட்டா?”

“யாருக்குப்பா?”

“தென்காசி திவாகர் சார் தவறிட்டாவ.”

“யாரு அவுரு?” என்றாள். கொலைகாரர்களுக்கு அவள் எழுதிக்கொடுக்கும் அதே கேள்வி.

“பெரிய எழுத்தாளர்க்கா. எங்கூர்க்காரவுக.”

சுவரில் ஃப்ளெக்ஸ் ஏறியது. ‘கண்ணீர் அஞ்சலி. எங்கள் மண்ணின் மைந்தர், துப்பறியும் புயல் தென்காசி திவாகர். இவண்: எட்டு ரூம் வாசகர்கள், வடக்குப்பட்டு.’ போட்டோ கிடைக்காததால் ஒரு குத்துவிளக்கு, பக்கத்தில் நாவல் அட்டையிலிருந்து எடுத்த ஏட்டு இசக்கியின் படம். படப்பையிலிருந்து ஒரு ரோஜா மாலை வாங்கிவந்து போட்டார்கள். பஸ்ஸை விட்டுவிட்டு வந்த கண்ணப்பன் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“உன் சாவுக்கு நம்ம செவுருதான் கெடைச்சுதா?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் வழியாக அந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் எழுத்துக்கு விழுந்த முதல் மாலை அது, அதுவும் இந்த லட்சணத்தில்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் உச்சிமாகாளி பையோடு கிளம்பி நின்றான்.

“எங்கப்பா போற? ஷிப்ட் இல்லியா?”

“லீவு போட்டுட்டேன்க்கா. தென்காசிக்குப் போயி துட்டி கேட்டுட்டு வந்துருதேன்.”

துட்டி கேட்பது என்றால், சாவு விழுந்த வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வருவது. தெற்கே அதைச் செய்யாவிட்டால் மனுஷனே இல்லை என்பார்கள். உமாதேவியே இரண்டு நாவலில் அதை எழுதியிருக்கிறாள்.

“அட்ரஸ் இல்லாம எங்கன்னு போய் தேடுவ? அட்டெண்டன்ஸ் போனஸ் வேற பூடும். அதான் ஃப்ளெக்ஸ் வெச்சிட்டீங்களே.”

“ஃப்ளெக்ஸ் வச்சா ஆச்சாக்கா? துட்டி கேக்கணும்லா. எனக்கு அவுக வீட்டுல ஒண்ணு கேக்க வேண்டியதும் இருக்கு.”

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சொன்னால் எட்டு ரூமும் சிரிக்கும். அதற்கப்புறம் அவள் நோட்டோடு நிற்கிற பைப்படியில் ஒருத்தன் வாய் திறக்க மாட்டான். கேட்பது நின்றால் எழுத்தும் நின்றது. அவன் ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டான். இரண்டு நாள் அவள் ரசத்துக்கு உப்புப் போட மறந்தாள். கண்ணப்பன் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். மோட்டார் அப்போதுதான் போட்டிருந்தாள். மற்றவர்கள் தண்ணீர் பிடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பையைக்கூட ரூமில் வைக்காமல் பைப்படிக் கல்லில் சோர்ந்து உட்கார்ந்தான்.

“ஒருத்தருக்கும் தெரியலக்கா. போஸ்ட் ஆபீசு, புக்கு கடை, லைப்ரரி, ஒரு இடம் விடல. ரெண்டு திவாகரு இருந்தாவ. ஒருத்தரு பல் டாக்டரு. இன்னொருத்தரு, நான் உசுரோடதான இருக்கேன்னு சண்டைக்கு வந்துட்டாவ.”

உமாதேவிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. “முன்ன பின்ன தெரியாத ஆளுக்கு ஏம்பா இந்த அலைச்சலு?”

அவன் கீழே பார்த்துக்கொண்டே சொன்னான். “அந்த ஏட்டு இசக்கி பேசுதது பூரா நம்ம மகாராஜா பேசுததுக்கா. அப்பிடியே அவந்தான். அந்த எழுத்தாளருக்கு அவனைத் தெரிஞ்சிருக்கு. மாசா மாசம் புக்கு வந்ததும் அவன் பக்கத்துல உக்காந்து பேசுத மாரி இருக்கும். இனிமே அதும் இல்லேல்லா. அவன எப்பிடித் தெரியும்னு அவுக வீட்டுல கேட்டுட்டு வரலாம்னு பாத்தேன்.”

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. உமாதேவி சுவிட்ச் பக்கத்தில் நின்றபடியே நோட்டைத் திறந்தாள், மூடினாள். அப்புறம் அவனிடம் நீட்டினாள்.

“அந்த வூடு தென்காசில இல்லப்பா. இதான் அது.”

அவன் குடக்கணக்கு என்று நினைத்துத்தான் வாங்கினான். ஒரு பக்கம் படித்தான். மூக்கடைப்பு, சூப்பர்வைசர், குட்மார்னிங், ஒவ்வொன்றுக்கும் தேதி. இன்னொரு பக்கம் திருப்பினான். முகம் சிவந்துவிட்டது.

“நீங்களா? நின்னு ஒட்டுக் கேட்டு வித்தீயளா?”

“ஆமாம்பா.”

“அவன் பேச்சுக்குத்தான ஊரே சிரிச்சுது? அவன் பேர ஒரு எடத்துலயாவது போட்டியளா?”

“போடல” என்றாள். “முந்நூத்தி அம்பது புக்கு எழுதிகீறேன். என் பேரையே எங்கயும் போடலப்பா.”

உச்சிமாகாளி எழுந்துவிட்டான். போய்விடுவான், ரூமையும் காலி பண்ணிவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் வாசல் வரைக்கும் நடந்தான். அங்கிருந்து சுவரில் ஃப்ளெக்ஸ் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்து, கல்லில் உட்காராமல் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். துட்டி வீட்டில் அப்படித்தான் உட்காருவார்கள். அவளும் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பேசவில்லை. துட்டி கேட்பதில் பாதி அதுதான்.

“அவர ஏன்க்கா கொன்னீய?” என்றான் கடைசியில்.

“நோட்டு தீந்துபோச்சு. மகாராஜா பேசனது அவ்ளோதாம்பா. இட்டுக்கட்டி எழுதினா அவன மாதிரியே இல்ல. அவனக் கெடுக்கறதுக்கு நிறுத்திடறதே மேல்னு பட்டுது.”

அவன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். “அவ்வளவுதானா? எக்கா, பைப்படில அவன் பேசுனது காவாசிதான். அதும் நீங்க நிக்கியன்னு அடக்கி வாசிச்சான். ரூமுக்குள்ள பேசுனது பூரா எங்கிட்டல்லா இருக்கு.”

உமாதேவி நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பேனாவைத் தேடினாள். அது அவள் கொண்டையிலேயே இருந்தது.

“ஆனா ஒண்ணு. இசக்கி கெடையாது. ஏட்டு மகாராஜா.”

“ஏட்டு மகாராஜா. வெச்சிடறேன்.”

“அப்பம் செத்தவரு எப்பிடி எழுதுவாரு?”

“அத நான் பாத்துக்கறேன்.” ஸ்ரீதரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததா? அவள் கதைகளில் பாதிப் பிணங்கள் கடைசி அத்தியாயத்தில் எழுந்து வந்தவைதான். “நீ சொல்லு. மொதல்ல இன்னா சொன்னான்?”

அவன் தயங்கினான். “உங்களப் பத்திதான்.”

“பரவால்ல, சொல்லு.”

“‘ஓனரம்மா செத்து சொர்க்கத்துக்குப் போனாலும், மொத வேலையா மழைக்கு சுவிட்ச் எங்க இருக்குன்னுதான்ல கேப்பாவ’ அப்டின்னான்.”

உமாதேவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுதினாள், கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். மேலே மாடித் தொட்டி நிறைந்து, குழாய் வழியாகத் தண்ணீர் வழிய ஆரம்பித்து, பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் சளசளவென்று விழுந்தது.

“எக்கா, தொட்டி வழியுது” என்றான் உச்சிமாகாளி.

“வழியட்டும். அப்புறம்?”