பாட்டுப் பொருத்தம்

சிதம்பரத்தில் நாங்கள் படித்தபோது வகுப்பில் ஒருவன் பொருத்தம் பார்ப்பான். அவனுக்கு ஜாதகம் வேண்டாம், மெமரி கார்டு போதும். பையனுடையதையும் பெண்ணுடையதையும் வாங்கிப் பாட்டுகளை ஒப்பிடுவான். பத்துப் பாட்டு ஒன்றாக இருந்தால் ஜோடி.

எனக்கும், விடுதியில் தங்கியிருந்த காடாம்புலியூர்ப் பெண்ணுக்கும் பார்த்தான்.

"மச்சான், பத்தும் சரியா இருக்கு. ரஜ்ஜு தட்டல, போய்ப் பேசுடா."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். எனக்குப் பிடித்தது இன்னொருத்திக்கும் பிடிக்கிறது என்பதையே நம்ப முடியவில்லை. அவளிடம் கார்டை அப்படியே கொடுத்துவிட்டேன். அதில் படப்பாட்டு அல்லாத ஒன்றும் இருந்தது. பண்ருட்டிப் பக்கம் ஒரு சாவுக்கு அப்பாவோடு போனபோது, அவர் பறையடித்ததை நானே போனில் பிடித்தது. ஊர்ப்பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

மறுநாள் கேன்டீனில் அவளே ஆரம்பித்தாள்.

"கடைசியா ஒரு கொட்டு வருதே, யாரு அடிச்சது?"

"எங்கப்பா." மறைக்கத் தோன்றவில்லை. அந்த அடியில் எனக்கு அவ்வளவு பெருமை.

"நல்லாதான் இருக்கு." டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நடுவுல ஒருத்தர் கத்துறாரில்ல, அது எங்க பெரியப்பா. அது எங்க தாத்தா சாவு."

யாராவது கத்துகிறார்களா அதில்? எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அடி மட்டும்தான் என் காதில் விழுந்திருந்தது.

"நீ கடலூர் டவுனுன்னு மட்டுந்தான் நெனச்சேன்," என்றாள். "எங்க வீட்டுக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் விடமாட்டாங்க. வேணாம்."

கார்டை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பொருத்தம் பார்த்தவன் பஸ் நிறுத்தம்வரை விடாமல் வந்தான். "பத்தும் ஒண்ணா இருந்துச்சேடா!"

"பதினொண்ணாவது இடிக்குதுடா."

பஸ் செம்மங்குப்பத்தை நெருங்கியதும், கெமிக்கல் நாற்றத்துக்காக எல்லோரும் ஜன்னலை இறக்கினார்கள். அந்தப் புழுக்கத்தில் ஹெட்செட்டை மாட்டி அப்பா அடித்ததைப் போட்டேன். குரல் இருந்தது, தெளிவாகவே இருந்தது.

"டேய், தூங்குறியா? வேகமா அடிடா!"

அப்பாவுக்கு அப்போதே தலை முழுக்க நரைத்திருந்தது. அந்தக் குரலுக்குப் பிறகு அடி சட்டென்று வேகம் பிடிக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.