ரிலீப் கொப்பி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு வெள்ளவத்தை காலி வீதியில் மாபிள் கடை, பாமன்கடைப் பக்கம் களஞ்சியம். பட்டம் படித்தவர்கள் மூன்று பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போன கிழமை, கொட்டாஞ்சேனையில் நான் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மேடைக்கு மாபிள் பதித்துத் தர வேண்டுமாம். தேத்தண்ணி குடித்தபடி ஒருவர் சொன்னார்: “மலைநாட்டு டீச்சர்மார் இங்க நிலைச்சு நிக்கிறதே இல்ல ஐயா. ஒரு வருஷத்தில ஓடிடுறாங்க. நன்றியில்லாத சனம்.”

எனக்கு நெஞ்சு கொதித்தது. “ஓடுறாங்களோ, நீங்க துரத்துறீங்களோ?” என்று கேட்டேன். அந்த மனுசனுக்கு விளங்கவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் விளங்கவில்லைதான்.

எங்கள் வகுப்பாசிரியரைச் ‘சேர்’ என்போம். மலைநாட்டில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். ஆள் நல்ல கறுப்பு. ஆசிரியர் அறையில் மற்றவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. இவர் மட்டும் ‘தோட்டத்து மாஸ்டர்’. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பாவுக்குக்கூடத் தனக்குக் கீழே ஒரு ஆள் கிடைத்த திருப்தி. “தோட்டக்காட்டான் என்னத்தப் படிப்பிக்கப் போறான்?” என்பார். அந்தச் சேர்தான் பேக்கரியில் வாங்கிய ஒரு இறாத்தல் பாணைக் கால், அரைக்கால் என்று வெட்டிக் காட்டிப் பின்னக் கணக்கை என் மண்டையில் ஏற்றியவர். இன்றைக்கும் என் மாபிள் அந்தக் கணக்கில்தான் வெட்டுப்படுகிறது.

ஒரு ஆசிரியர் வராவிட்டால் அவருடைய வகுப்புக்கு வேறொருவர் போக வேண்டும். அதற்குப் பெயர் ரிலீப். யார் போவது என்று உப அதிபர் ஒரு கொப்பியில் எழுதுவார். அதைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது வகுப்புத் தலைவனான என் வேலை. அப்போதே நான் தலைவன்தான்.

“எனக்குத் தலையிடி. அவரிட்டக் குடு மகன்” என்பார் ஒரு டீச்சர். தன் பெயரை வெட்டிவிட்டுச் சேருடைய பெயரை எழுதுவார். அடுத்தவரும் அப்படியே. சித்திரம், தேகாப்பியாசம், எல்லாம் சேர் தலையில். சைவக்காரரான அவர் வேதக்காரப் பிள்ளைகளுக்கு மோட்சம் நரகம்கூடப் படிப்பித்தார். சோற்றுப் பார்சலைப் பிரித்திருக்கும்போது கொப்பியை நீட்டினாலும், கையைக் கழுவிக் கையெழுத்துப் போட்டு, பார்சலை மடித்து வைத்துவிட்டு வருவார். எங்கள் சேருக்குத் தெரியாத பாடமே இல்லை என்று நான் ஊரெல்லாம் பீத்தித் திரிந்தேன்.

ஒரு நாள் சேருக்கே லீவு வேண்டியிருந்தது. அம்மாவுக்கு நோய் கடுமை என்று தந்தி. “உங்கட பாடத்துக்கு ஆள் பிடிச்சுத் தந்திட்டுப் போங்க” என்றார் உப அதிபர். கொப்பியோடு ஓடினேன். ஒருவருக்கும் ஏலாதாம். சங்கீத டீச்சர் சொன்னார்: “அந்த ஆக்களுக்கு மாசத்துக்கு ஒரு அம்மா சாகும்.” அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒரு கையெழுத்தும் விழவில்லை. லீவும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனார். அதற்குள் அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டார்களாம். சேர் திரும்பி வரவேயில்லை. அவருக்குப் பிறகு எங்கள் வகுப்புக்கு ரிலீப்புக்கு வரக்கூட ஆளில்லை. சும்மா இருக்கவா பள்ளிக்கூடம் என்று அப்பா என்னை ஒரு கடையில் சேர்த்துவிட்டார்.

மேடைக்கு ஒரு துண்டு மாபிளும் கிடையாது என்று, வந்த இரண்டு பேரையும் அனுப்பிவிட்டேன். ஆனாலும் கொதிப்பு அடங்கவில்லை. அன்றைக்குச் சேருக்கு லீவு இல்லை என்றானதும், “சேர் போகயில்ல!” என்று கத்திக்கொண்டு வகுப்புக்குள் ஓடியவன் நான்தானே. மேசையில் தட்டிக் கும்மாளம் போட்டோம். சேர் உள்ளே வந்தார். நேரே போய்க் கரும்பலகையில் எழுதத் தொடங்கினார். நிரம்பியதும் அழித்தார், மறுபடி எழுதினார். மணி அடிக்கும்வரை எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. நாங்கள் போட்ட சத்தத்துக்குத்தான் தண்டனை என்று நினைத்தேன். அவருடைய கோபம் ஆறட்டும் என்று, ஒரு எழுத்து விடாமல் பார்த்து எழுதினேன்.