குலுக்கியும் அசையாத பெயர்

தோளில் ஏற்றிய வலைக்கயிற்றை மாமனார் மறுபடி மணலில் இறக்கி வைத்த விடியல்தான், பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்லித்தரும் இந்த ரூபி என்றாலே எனக்கு நினைவுக்கு வருகிறது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே எங்கள் குப்பத்தில் கரைவலை இழுக்க நல்ல இடம் ஒன்றுதான் உண்டு. விடியலில் முதலில் வலை விடுகிறவருக்கு மீன். பின்னால் வருகிறவருக்குப் பெரும்பாலும் பாசி. அதனால் வாரா வாரம் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டு, நாவலூர் அலுவலகம் ஒன்றில் மற்றவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து ரூபி என்னும் கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டவன் நான். இனி சீட்டு வேண்டாம், கம்ப்யூட்டரே குலுக்கும் என்று பெருமையாகச் சொன்னேன். மூன்று தெருக்கள், தெருவுக்கு ஒரு பட்டியல். மூன்றையும் ஒரு பெரிய பட்டியலுக்குள் வைத்தேன். எங்கள் தெருவில் மாமனார் பெயரை முதலில் எழுதினேன். கல்யாணப் பத்திரிகையில்கூடப் பெரியவர் பெயர்தானே முதலில் வரும்? எப்படியும் குலுக்கப்போகிறோம், எழுதும் வரிசையில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஆனால் ரூபியில் குலுக்கச் சொல்லும் ஷஃபிள் கட்டளை, வெளியே இருக்கும் பெரிய பட்டியலை மட்டுமே குலுக்கும். எந்த வகுப்பு முன்னால் போவது என்று மாற்றினாலும், வகுப்புக்குள் முதலில் நிற்கும் பிள்ளை முதலிலேயே நிற்கும் அல்லவா, அப்படித்தான். தெருக்கள் இடம் மாறின. தெருவுக்குள் யாரும் அசையவில்லை. எங்கள் தெருவின் முதல் வலை எப்போதும் மாமனாருடையது.

சில வாரங்கள் இப்படியே போன பின், அன்று விடியலில் கரையில் எங்கள் தெருப் பங்காளி ஒருவர் எல்லோர் முன்பும் கேட்டார்: “இன்னா அண்ணாத்த, உன் மாப்ள கம்ப்யூட்டருக்கு உன் பேரு மட்டும்தான் தெரியுமா?” சிரித்தார்கள். மாமனார் என்னைப் பார்த்தார். வேண்டுமென்றே செய்ததா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன். கயிற்றை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

தவறைக் கண்டுபிடித்து, உள்பட்டியல் ஒவ்வொன்றையும் தனியாகக் குலுக்கச் செய்தேன். கரையில் எல்லோரையும் கூட்டி, பிழை என்னுடையது என்று சொல்லி, அவர்கள் கண்ணெதிரே பொத்தானை அழுத்தினேன். நியாயமான குலுக்கல்தான். எங்கள் தெருவில் முதலாவதாக வந்ததோ மறுபடி மாமனார் பெயர். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருக்கலாம். மாமனார் மெதுவாகச் சொன்னார்: “நம்மள கடசில போட்டுடுங்க மாப்ள. மிஷினு சரியாத்தான் கீது. இவங்க நம்பணுமே.”

இப்போதும் அந்தப் புரோகிராம்தான் முறை வைக்கிறது. எல்லோர் பெயரும் குலுங்குகிறது. ஒரு பெயரை மட்டும் குலுக்கலில் சேர்க்காமல், கடைசியில் நானே எழுதுகிறேன்.