வேர்வையை நடிக்க ஏலாது

இது நடந்த கதை. வாகீசன் இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறான், அம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறான். நம்பாதவர்கள் பண்டத்தரிப்புக்குப் போய் அவனையே கேட்கலாம். ஆனால் அவன் முகத்தைப் பார்த்த பிறகு கேட்க மனம் வராது.

போன வருடம் ஐப்பசியில், உச்சிப்பொழுதில் நடந்தது. அம்புலன்ஸ்காரர்களுக்கு மண்டபத்தில் பயிற்சி. சலரோகக்காரருக்கு, அதாவது நீரிழிவு உள்ளவர்களுக்கு, இரத்தத்தில் சீனி இறங்கினால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று தாதி றிஹானா சொல்லிக்கொடுத்தார். ஆள் நடுங்கும், உளறும், வேர்த்து ஊற்றும்.

"குடிவெறியெண்டு நினைச்சு விட்டிட்டுப் போகாதேங்கோ. விரலிலை குத்திப் பாருங்கோ. விழுங்கக்கூடிய ஆளெண்டால் உடனை இனிப்புக் குடுங்கோ."

நோயாளியாக நடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. வாகீசன் முந்திக்கொண்டு வந்து நிலத்தில் படுத்தான். நாலு பேரைச் சிரிக்கவைப்பதென்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். கண்ணைச் செருகி உளறினான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து றிஹானாவுக்கு அழைப்பு வந்தது. அவர் கைபேசியோடு வெளியே போனார்.

அப்போதுதான் வேர்த்தது.

முதலில் நெற்றி. பிறகு சட்டை முழுவதும். கைகள் தாமாக நடுங்கின. விளையாட்டுப் போதும், எழும்புவோம் என்று நினைத்தான். எழும்ப முடியவில்லை. நாக்குத் தடித்துவிட்டது.

"சீனி... சீனி தாங்கோ..." என்றான்.

கைதட்டினார்கள்.

"அண்ணை, சோக்கான நடிப்பு!" என்றது கஜீபனின் குரல். அவனோடு ஒரே அம்புலன்ஸில் வேலை செய்பவன்.

கற்பூரம் மணத்தது. மண்டபத்தில் யார் கற்பூரம் கொளுத்தியது?

யாரோ அவன் மணிக்கட்டைப் பிடித்தார்கள். ஈரமான பெண் கை. பயிற்சிக்கு வந்த பெண்கள் இரண்டே பேர். இருவரும் அவன் காலடியில் நின்றார்கள். இது மூன்றாவது. இடது கையில் கௌரிக் காப்பு நூல்...

பாலேஸ்வரி!

அவன் ஊர்க்காரி. செத்து ஆறு வருடம். சலரோகத்துக்குத் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவள். கௌரி விரதம் பிடித்து, கோயில் வாசலில் நடுங்கி விழுந்தாள். "அம்மன் உரு வந்திட்டுது, விலத்துங்கோ!" என்று சனத்தைத் தள்ளி நிறுத்தியவன் இதே வாகீசன். நிறுத்தியதோடு விட்டானா? தனக்குக் கனடா விசா சரிவருமா என்று குறி கேட்பதுபோல அவளிடமே கட்டுக் கேட்டான். "சீனி... சீனி..." என்றாள் அவள். அம்மன் இனிப்புக் கேட்கிறாள் என்று, கையிலிருந்த சர்க்கரைப் புக்கையை மூலஸ்தானத்துக்குக் கொடுத்தனுப்பினான். கல்லுக்குப் படைத்தார்கள். அவள் உயிர் போகும்வரை அவள் வாயில் ஒரு கரண்டி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவிகள்! இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அவள் அவன் காதருகே குனிந்தாள்.

"இப்ப கேளன் தம்பி... விசா வருமோ எண்டு."

அவன் கத்தினான். சீனி! சீனி! தொண்டை கிழியக் கத்தினான்.

ஒருவரும் அசையவில்லை.

பார்த்துக்கொண்டு நின்றார்கள்...

சிரித்துக்கொண்டு...

இருட்டு.

திரும்பி வந்த றிஹானா, அவனைச் சுற்றி நிலம் நனைந்திருப்பதைக் கண்டார். "வேர்வையை நடிக்க ஏலாது! விலத்துங்கோ!" என்று பாய்ந்து விரலில் குத்தினார். கருவியில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவுக்குச் சீனி இறங்கியிருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மயிரிழையில் பிழைத்தான்.

ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். அவனுக்குச் சலரோகம் இல்லை. மருந்து எதுவும் உடம்பில் இல்லை. காலையில் வயிறு முட்ட இடியப்பம் சாப்பிட்டவன். சீனி ஏன் இறங்கியது என்று எந்த டொக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் கஜீபன் பார்க்க வந்தான். வாகீசன் அவன்மேல் எரிந்து விழுந்தான்.

"அவ்வளவு கத்தினன். ஒரு கரண்டி சீனி தர ஏலாமல் போச்சோ?"

கஜீபன் முழித்தான்.

"நீங்கள் எங்கை அண்ணை சீனி கேட்டனீங்கள்?"

"அப்ப என்ன கேட்டனான்?"

"ஒண்டும் கேக்கேல்லை. 'நான் நடிக்கிறன், ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ' எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னீங்கள்."

கஜீபன் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பொம்பிளைக் குரலிலை சொன்னீங்கள் அண்ணை. அதுக்குத்தான் நாங்கள் கைதட்டினது."